காலி டம்ளர்

பிள்ளைக்கு வயிற்றால் போனால் முதலில் என்ன செய்வீர்கள் என்று தாய்மார்களைக் கேட்க வாயைத் திறந்த சண்முகவடிவு, திறந்த வாயை மூட மறந்து நின்றாள். கடைசி பெஞ்சில் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவள் ஆவுடை. ஆவுடையேதான். ஆளை மறக்கலாம், அந்தக் கோணல் வகிட்டை மறக்க முடியுமா, யாராவது பேசினால் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்கிற அந்தப் பசப்பை மறக்க முடியுமா. புருஷனோடு கூடப் பிறந்தவள். புருஷனையே தலைமுழுகி எத்தனையோ காலமாகிவிட்டது, அப்புறம் அவன் தங்கச்சி என்ன உறவு, ஒரு உறவும் இல்லை. வடிவின் முகத்தில் மாஸ்க் இருந்தது, கண்ணாடி இருந்தது, உடம்பும் அப்போதைக்கு இப்போது நன்றாக ஊதியிருந்தது. அடையாளம் தெரிந்திருக்காது. தெரிந்தால்தான் என்ன, எழுந்து ஓடட்டுமே, எங்கே ஓடுவாள், சுற்றுவட்டாரத்துக்கே பிள்ளைகளுக்கென்று இருக்கிற பெரிய வார்டு இது ஒன்றுதான். வந்து மாட்டினாயா. வடிவு எத்தனை நாள் கறுவியிருப்பாள், பஸ்ஸில் போகும்போது, சோறு வடிக்கும்போது, யாரோ பெற்ற பிள்ளையின் கையில் ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போதுகூட, என்றைக்காவது என் கையில் அகப்படுவாய், அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன் என்று. ராத்திரியெல்லாம் திருத்தித் திருத்தி வைத்திருந்த வார்த்தைகள். இப்போது அதில் ஒன்றைக்கூடக் காணோம்.

“என்ன சிஸ்டர், பாதியிலயே நின்னுட்டிய?” என்றாள் முன்பெஞ்சில் இருந்த செல்வராணி. அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்று நாளாக வார்டில் இருக்கிறாள், தனக்கு எல்லாம் தெரியும் என்கிற தோரணை அதற்குள் வந்துவிட்டது. ஆனால் மடியில் இருந்த பிள்ளையின் தலையில் குல்லாவும் உடம்பில் ஸ்வெட்டரும் அதன்மேல் ஒரு கம்பளியும் சுற்றியிருந்தன. வடிவுக்கு அது கைகொடுத்தது, வாய் தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. “பிள்ளையக் கொடைக்கானலுக்கா கூட்டிட்டுப் போறிய? உடம்பு அனலாக் கொதிக்கு, நீங்க மூட்டை கட்டி வச்சிருக்கிய. கழத்துங்க மொதல்ல. மெல்லிசா ஒரு சட்டை போதும்.” எல்லாரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவேயில்லை, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி, கல்யாணமாகி வந்த புதிதில் இந்தச் சிரிப்பில்தானே வடிவும் விழுந்தாள், மதினி மதினி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவாள், மதினி உங்க வெள்ளை யூனிஃபார்ம நான் தேய்ச்சு வைக்கேன், மதினி இன்னைக்கு எத்தனை பிள்ளை பிறந்துச்சு. வடிவு பேசிக்கொண்டே போனாள். காய்ச்சலில் வெட்டு வந்து கைகால் இழுத்தால் வாயில் ஸ்பூனைத் திணிக்கக் கூடாது, கையில் சாவியைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும், காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் எண்ணெய் ஊற்றக் கூடாது. புதன்கிழமை தவறாமல் சொல்கிற பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் வேறு ஒரு வீட்டின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் டியூட்டி டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம், ஆவுடையின் பிள்ளை பெயர் முத்துராசு, பதினோரு மாசம், வயிற்றுப்போக்கு, டிரிப்ஸ் வேண்டாம், வாயாலேயே கொடுத்துவிடலாம், வடிவு சிஸ்டர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வடிவு சிஸ்டர் பார்த்துக்கொள்ளட்டும். இவளுடைய பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சை முடித்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பு சர்க்கரைப் பாக்கெட்டைக் கலக்கி, டம்ளரும் ஸ்பூனுமாக அவள் கடைசி பெஞ்சுக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கை அதுபாட்டுக்குப் பிள்ளையின் சட்டையைத் தூக்கியது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டது, தோல் மெதுவாகத்தான் இறங்கியது, உச்சியைத் தடவியது, குழி விழுந்திருந்தது, விளக்கெண்ணெய் பிசுபிசுத்தது. கண் உள்ளே போயிருந்தது. ஆனாலும் ஸ்பூனைப் பார்த்ததும் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு எட்டியது, தாகம், குடிக்கிற தெம்பு இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். இந்தக் கை இருக்கிறதே, இதற்கு ரோஷமே கிடையாது, யார் பிள்ளை என்று பார்க்காது, யார் செய்த வினை என்று கேட்காது, கிள்ளிப் பார்த்து, தடவிப் பார்த்து, கொஞ்சத் தொடங்கிவிடும். அவளுக்குத் தன் கைமேலேயே ஆத்திரம் வந்தது. “காலைல இருந்து தண்ணியாப் போகுது சிஸ்டர். குடிக்கான், ஒடனே கக்குதான்,” என்றாள் ஆவுடை. சிஸ்டராம். கண் ஒரு நொடி வடிவின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் நின்றுவிட்டு ஓடியது. தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று இவளுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் சிஸ்டர். இருக்கட்டும், நானும் நீங்க வாங்க என்றே பேசுகிறேன், ஏளா ஆவுடை என்று கூப்பிட்ட வாய்தான் இது.

“கக்குனா பயப்படாதிய. பத்து நிமிசம் பொறுத்துட்டு மறுபடி குடுக்கணும். ஒரு ஸ்பூன். அத விழுங்குனப்பெறகு அடுத்த ஸ்பூன். அவசரமே வேண்டாம். நடுவுல தாய்ப்பாலும் குடுங்க.” சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினாள். நீட்டிய கை நடுவழியில் நின்றது. இந்த டம்ளரை இப்படியே, அவள் கண்ணெதிரே, பெஞ்சுக்கு அடியில் சாய்த்துவிட்டால் என்ன. தண்ணி குடுத்தா தண்ணியாத்தான் போகும், உங்க அம்மா சொன்னதுதான், மறந்துட்டியளா என்று சிரித்தபடி கேட்டால் என்ன. அப்போது தெரியும். பிள்ளை நாக்கை நீட்டி நீட்டிச் சப்புக்கொட்ட, தரையில் ஓடுகிற தண்ணீரை அவள் குனிந்து பார்க்க வேண்டும். அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு வேறு டம்ளர் கலக்கிக் கொடுத்துவிடலாம், ஒரு பாக்கெட்டுதானே, வார்டில் பாக்கெட்டுக்கா பஞ்சம். நினைக்க நினைக்க நாக்கில் தித்தித்தது. டம்ளர் ஆவுடையின் கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று வடிவுக்குத் தெரியவில்லை. ஆவுடை ஒரு ஸ்பூன் கொடுத்தாள், பிள்ளை மடக்கென்று விழுங்கியது. எல்லாத் தாய்மார்களிடமும் டம்ளரைக் கொடுத்துவிட்டு மற்ற நர்சுகள் போய்விடுவார்கள், திரும்பி வந்து காலி டம்ளரைப் பார்த்து, குடிச்சிட்டானா, சரி என்பார்கள். வடிவு மட்டும் எழுந்திருக்க மாட்டாள். கடைசி ஸ்பூன் பிள்ளையின் தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஸ்டூலை விட்டு எழுவாள். வடிவக்கா டம்ளருக்குக் காவல் இருக்கா என்று புதிதாக வந்த நர்சுப் பிள்ளைகள் கேலி பேசும். பேசட்டும். காலி டம்ளரை நம்பியவள் பட்ட பாடு அவர்களுக்கு என்ன தெரியும்.

வடிவு பெற்ற பிள்ளைக்கு உலகு என்று பெயர். உலகம்மன் கோயிலில் வைத்த பெயர். அவளுக்கும் அப்போது இதே பதினோரு மாசம்தான், அரும்பிய இரண்டு பல்லால் எல்லாவற்றையும் கடித்துவைப்பாள். வடிவு ஒப்பந்த நர்சாகப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் காலை வைக்கும்போதே பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து போகிறது என்றார்கள். கண்டகண்ட பிள்ளையையும் தொட்டுட்டு வந்து தோசத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டா, தலைக்குக் குளிக்காம பிள்ளையத் தொடாத என்றாள் மாமியார். சரி, ஒரு குளியல்தானே, ஆஸ்பத்திரித் துணியோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று பாடத்திலும் இருக்கிறது, குளித்துவிட்டே வருவோம் என்று போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறாள், அறைக்கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறதாம், பொழுது சாய்கிறவரை தாய் கண்ணில் படக் கூடாதாம், தண்ணி குடுத்தா தண்ணியாத்தான் போகுமாம். புருஷன் வாசலில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான், ஒரு நாள் அம்மா சொல்லுதத கேட்டாத்தான் என்ன என்றான். அப்போதுதான் இவள் வந்தாள், பத்தொன்பது வயசு, தலையைச் சாய்த்துக்கொண்டு, காதோடு சொன்னாள், மதினி, அம்மா கிடக்கா, நீங்க மருந்துத் தண்ணியக் கலக்கிக் கொண்டாங்க, நான் கொல்லைப் பக்கமா உள்ள போயி அம்மாவுக்குத் தெரியாம குடுக்கேன். தெய்வம் மாதிரி இருந்தது. அறியாத வயசு என்று யாராவது சொல்லுவார்கள், சொல்லட்டும், சினிமாப் பாட்டு ஒரு வரி பிசகாமல் பாடத் தெரிந்த வயசுதானே. வடிவு கலக்கிக் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா குடு, அவசரப்படாத என்று சொல்லிக் கொடுத்தாள், இன்றைக்கு வாரம் தவறாமல் சொல்கிற இந்தப் பாடத்தை முதன்முதலில் இவளுக்குத்தான் சொன்னாள். டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. குடிச்சிட்டாளா. குடிச்சிட்டா மதினி. இன்னொரு டம்ளர். அதுவும் காலி. மூன்றாவதும் காலி. உள்ளே அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, வயிறு நிறைந்து தூங்குகிறாள் என்று நினைத்து வடிவு கதவில் சாய்ந்து கண்ணைக்கூட மூடிவிட்டாள். ராத்திரி முழுக்க நின்ற கால். விழித்தபோது உள்ளே முனகல்கூட இல்லை, அப்புறம் கதவைத் தள்ளி உடைத்தது, பிள்ளையைத் தூக்கியது, தோல் காகிதமாக இருந்தது, பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் முகம் கழுவப் பின்பக்கம் போனாள். வாழை மூட்டில் எறும்பு. ஒரே இடத்தில் அடை அடையாகச் சித்தெறும்பு, சர்க்கரை கொட்டிய இடத்தில் மொய்க்குமே அப்படி. அவள் குனிந்து மண்ணைத் தொட்டு நக்கிப் பார்த்தாள். உப்பும் கரித்தது.

பிள்ளை கக்கியது. ஆவுடையின் சேலையெல்லாம் நனைந்தது, அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வேண்டாம் சிஸ்டர், குடுக்கக் குடுக்க வெளிய வருது,” என்று அழுகிற மாதிரி சொன்னாள். “பத்து நிமிசம்,” என்றாள் வடிவு. இந்தப் பத்து நிமிஷம் நல்லதாகப் போயிற்று. எல்லாரும் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், அதுதான் வடிவின் வழக்கம், தலையை ஆட்டுகிறவர்களை நம்ப மாட்டாள். செல்வராணியை முதலில் கேட்டாள், அவள் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கடகடவென்று ஒப்பித்தாள், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பாக்கெட்டு, அதுக்கு மேல சீனி போடக் கூடாது, ஒரு நாள் வச்சிருந்து மிச்சத்தக் கொட்டிறணும். கொட்டிறணும் என்கிற வார்த்தையில் ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். வடிவு அதைப் பார்த்தாள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற நேரம் வந்துவிட்டது. “கடைசி பெஞ்சு அம்மா, நீங்க சொல்லுங்க. வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம இருந்தா என்ன ஆகும்?” எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “வாடிப்போகும் சிஸ்டர்.” “வாடிப்போயி?” “ஒண்ணுக்குப் போகாது. கண்ணு உள்ள போயிரும். உச்சி விழுந்துரும்.” “உச்சி விழுந்தா என்ன செய்யணும், விளக்கெண்ணெய் வச்சு மந்திரிக்கணுமா?” “இல்ல சிஸ்டர். தண்ணி குடுக்கணும்.” “குடுக்கலன்னா?” ஆவுடை பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். செல்வராணிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, போதும் சிஸ்டர், அவுக பிள்ளையே வாடிக் கெடக்கு என்றாள். “குடுக்கலன்னா என்னம்மா ஆகும்? சத்தமாச் சொல்லுங்க, முன்னாடி இருக்கவங்களுக்கும் கேக்கணும்ல.” “செத்துப்போகும்,” என்றாள் ஆவுடை.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை. இதற்காகத்தானே. வடிவு தனக்குள் தேடிப் பார்த்தாள், ஒரு குளிர்ச்சி வர வேண்டுமே, ஒரு பாரம் இறங்க வேண்டுமே, வரவில்லை, இன்னும் வேண்டும் போல் இருந்தது. தாகம் அடங்காத பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால் இன்னொன்றுக்கு எட்டுமே, அப்படி இருந்தது. ஆவுடை தானாகவே பேசத் தொடங்கினாள், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். “எங்க அத்தையும் தண்ணி குடுக்காத, குடுத்தா தண்ணியாத்தான் போகும்னுதான் சொன்னாவ. தலையில எண்ணெயத் தேச்சு உள்ள போட்டுப் பூட்டப் போனாவ. நான் பிள்ளையத் தூக்கிட்டுக் கொல்லை வழியா ஓடியாந்துட்டேன்.” ஓடி வந்தாளாம். தன் பிள்ளை என்றால் கால் ஓடுகிறது. மாமியாரை மீறத் தெரிகிறது, கொல்லைக் கதவைத் திறக்கத் தெரிகிறது, அன்றைக்கும் ஒரு கொல்லைக் கதவைத்தானே திறந்தாய், டம்ளரோடு, மூன்று தடவை. இவளை அறைய வேண்டும், இந்த வார்டில், எல்லார் முன்னாலும், வேலை போனாலும் போகட்டும். பிள்ளை முனகியது. வடிவு கடிகாரத்தைப் பார்த்தாள். “பத்து நிமிசம் ஆயிட்டு. குடுங்க. இன்னும் மெதுவா.” ஆவுடை ஸ்பூனை எடுத்தாள். ஒரு ஸ்பூன். பிள்ளை விழுங்கியது. இன்னொன்று. கக்கவில்லை. மூன்றாவது ஸ்பூனைப் பிள்ளையின் உதட்டருகே வைத்துக்கொண்டு, நிமிராமல், “மதினி,” என்றாள் ஆவுடை.

அந்தக் கூப்பாட்டைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. “மதினி, அம்மா கொட்டிட்டு வான்னு சொன்னா. குடிச்சா இன்னும் போகும், பிள்ளை செத்துரும், கொட்டிரு, மதினிகிட்ட குடிச்சிட்டான்னு சொல்லிருன்னு சொன்னா. நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்... எனக்கு இவன் பிறந்த நாள்லருந்து தூக்கமே இல்ல மதினி. நீங்க இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு அந்த மூணு டம்ளரையும் நான் குடுத்திருந்தா உலகு பொழச்சிருப்பாளா?” வடிவு மாஸ்க்கைக் கழற்றினாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே வார்த்தை, ஆமா, நாலு வார்த்தைகூடத் தேவையில்லை, இந்த ஒன்று போதும், செத்தாலும் இவளை விடாது. அப்போதுதான் ஸ்பூனைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீர் பிள்ளையின் தாடையில் வழிந்துவிட்டது, பிள்ளை நாக்கைச் சுழற்றிச் சுழற்றி அதைத் தேடியது. இப்போது சொன்னால் ஸ்பூன் விழும். இவள் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், டம்ளர் உருளும், பெஞ்சுக்கு அடியில் ஓடும். இன்னொரு டம்ளர் பெஞ்சுக்கு அடியில் ஓட வடிவு விடமாட்டாள். யார் பிள்ளைக்கானாலும் விடமாட்டாள். “ஸ்பூனக் கீழ வைக்காதிய,” என்றாள். “டம்ளர் முடியட்டும். சொல்லுதேன்.”

ஆவுடை கொடுத்தாள். கண்ணில் நீர் வழிய வழியக் கொடுத்தாள், துடைக்கக் கை இல்லை. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நிமிர்ந்து வடிவின் முகத்தைப் பார்த்தாள், இப்போது சொல்வாளா இப்போது சொல்வாளா என்று, வடிவு பிள்ளையின் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திரு. கதவுக்கு வெளியே நான் காத்திருந்தேனே, அப்படிக் காத்திரு. முன்பெஞ்சுக்காரிகள் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள், சாம்பார் வாசனை வந்தது, வார்டின் மறுகோடியில் ஏதோ ஒரு பிள்ளை ஊசிக்கு அழுதது. உலகு குடித்திருந்தால் இப்படித்தான் குடித்திருப்பாள், ஸ்பூனைக் கடித்துக்கொண்டு விடமாட்டாள், அவள் எதையும் விடமாட்டாள். இந்தப் பிள்ளையும் கடித்தது. கண்ணில் கொஞ்சம் ஈரம் வந்திருந்தது. சிரித்துவிடாதே, என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதே என்று வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள், உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சிரித்துவிடாதே. ஸ்பூன் டம்ளரின் அடியைச் சுரண்டத் தொடங்கியபோது ஆவுடை திடுக்கிட்டு மடியைப் பார்த்தாள். சேலை வெதுவெதுப்பாக நனைந்து, சொட்டு சொட்டாகப் பெஞ்சில் வடிந்தது. “ஒண்ணுக்கு போயிட்டான்,” என்றாள் நம்ப முடியாமல். வடிவு குனிந்து பார்த்தாள். நல்ல மூத்திரம்தான். இந்த நாளில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்த ஒரே நேரம் அது.

ஆவுடை காலி டம்ளரை நீட்டினாள். அதை வாங்கி வடிவு வழக்கம்போல் உள்ளே பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆவுடை, சொல்ல வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

“பொழச்சிருப்பா,” என்றாள் வடிவு. “மூணு டம்ளர் வேண்டாம். ஒண்ணே போதும்.”

ஆவுடை பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை அவளுடைய தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது.

“பிள்ளைய எங்கிட்டக் குடு,” என்றாள் வடிவு. “போயி கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. அடுத்த டம்ளர நீதான் கலக்கணும்.”